நியூயார்க் மாநகராட்சி வேலை: கஜானா இறுகியிருக்கும்போது விண்ணப்பிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எவ்வளவு நெருக்கடியான ஆண்டிலும் நியூயார்க் மாநகராட்சியின் வேலைவாய்ப்புத் தளத்தில் அறிவிப்புகளுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. ஏமாற்றம் தொடங்குவதே அங்கிருந்துதான். அறிவிப்பு வந்திருக்கிறது என்றால் அந்த இடத்தை நிரப்பத் துறைக்கு விருப்பம் இருக்கிறது என்று பொருள். சம்பளத்துக்குப் பணம் விடுவித்தாகிவிட்டது என்று பொருளல்ல. நேர்காணல் நன்றாக முடிந்து, "உங்களைத்தான் எடுக்கப் போகிறோம்" என்று துறையே சொன்ன பிறகும் மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் போவது இதனால்தான்.

அந்த மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் மனிதவளப் பிரிவு அல்ல. மேயரின் கீழ் இயங்கும் நிதிநிலை அலுவலகமான ஓ.எம்.பி. கையெழுத்துப் போடவில்லை. நல்ல காலத்தில் எனக்குப் பொருந்தும் வேலை எது என்று தேடினால் போதும். இறுக்கமான காலத்தில் பணம் இருக்கும் வேலை எது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: நிதிநிலை நாட்காட்டியைக் கையில் வையுங்கள்

மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. ஜனவரியில் முதற்கட்ட வரவுசெலவுத் திட்டமும் ஏப்ரல் கடைசியில் மேயரின் திருத்திய திட்டமும் வரும். ஜூன் கடைசிக்குள் நகர மன்றம் நிறைவேற்றும். நவம்பரில் ஒரு திருத்தம் உண்டு. வரவும் செலவும் சமமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 1975-இல் நகரம் திவாலாகும் நிலைக்குப் போனதன் விளைவு அது. எனவே ஆண்டின் நடுவில் வருவாய் குறைந்தால் நடுவிலேயே வெட்டு விழும். அந்த வெட்டுக்கு இங்கே 'பெக்' என்று பெயர்.

பெக் வந்ததும் முதலில் போவது காலியிடங்கள். ஆள் இல்லாத நாற்காலியை நீக்கினால் யாரும் கொடி பிடிக்க மாட்டார்கள். 2022 நவம்பரில் காலியிடங்களில் பாதியைக் கணக்கிலிருந்தே எடுக்கும்படி ஓ.எம்.பி. துறைகளிடம் சொன்னது. 2023 இலையுதிர்காலத்தில் நியமனத் தடையும், நவம்பரில் 5 சதவீத வெட்டும் வந்தன. காவலர் பயிற்சி வகுப்புகளே ரத்தாகி, நூலகங்களின் ஞாயிற்றுக்கிழமைச் சேவை நின்றது அப்போதுதான். 2024 பிப்ரவரியில் தடை தளர்ந்து, இருவர் போனால் ஒருவரை எடுக்கலாம் என்ற கணக்குக்கு மாறியது.

இதிலிருந்து விண்ணப்பிப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஜூலை முதல் அக்டோபர் வரை துறைத் தலைவர்களுக்கு ஒரு பதற்றம் இருக்கும். நவம்பர் திருத்தத்துக்குள் இடத்தை நிரப்பாவிட்டால் இடமே போய்விடலாம். அந்த மாதங்களில் விண்ணப்பம், நேர்காணல், எல்லாவற்றுக்கும் தயாராக இருங்கள். டிசம்பரில் நிதானமாகத் தொடங்கலாம் என்று இருப்பவர் பந்தி முடிந்த பிறகு இலை தேடுகிறார்.

படி 2: இந்தப் பதவிக்கு யார் பணம் தருகிறார்கள்?

எல்லா இடங்களும் ஒரே பையிலிருந்து சம்பளம் வாங்குவதில்லை. நகரின் வரிப் பணத்தில் நடக்கும் பதவிகள்தான் தடையில் முதலில் மாட்டும். மாநில அல்லது மத்திய அரசு மானியத்தில் நடக்கும் இடங்களை நிறுத்தினால் நகருக்கு மிச்சமாவது குறைவு, அதனால் அவற்றுக்கு அனுமதி கிடைப்பது எளிது. கட்டுமான மூலதனக் கணக்கில் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் இன்னொரு வகை. வடிவமைப்பு மற்றும் கட்டுமானத் துறையில் இப்படிப் பலர் உண்டு. குடிநீர், கழிவுநீர்ப் பணிகளைப் பார்க்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையின் செலவில் பெரும்பகுதி தண்ணீர்க் கட்டணத்திலிருந்து வருகிறது. வரித் தணிக்கையாளரைப் போல வருவாய் ஈட்டித் தரும் பதவிகளும், பொதுப் பாதுகாப்பு, சுகாதாரம் சார்ந்தவையும் வழக்கமாக விலக்கு கேட்டு வாங்கும். காவலர் வகுப்பு ரத்தான கதையைப் பார்த்தோமே, அந்த விலக்கும் இரும்புக் கோட்டை இல்லை.

எந்தத் துறை நிஜமாகவே ஆள் எடுக்கிறது என்று பார்க்க இலவச வழி ஒன்று இருக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. நகரின் அரசிதழான 'சிட்டி ரெக்கார்ட்' இணையத்திலும் வருகிறது. அதில் பணியாளர் மாற்றங்கள் என்றொரு பகுதி. ஒவ்வொரு வரியிலும் பெயர், பதவி எண், சம்பளம், என்ன நடந்தது, தற்காலிகமா, எந்தத் தேதியிலிருந்து, எந்தத் துறை என்று வரிசையாக இருக்கும். 'என்ன நடந்தது' என்ற கட்டத்தில் 'அப்பாயின்டட்', 'ரிசைன்ட்', 'ரிட்டையர்ட்' போன்ற சொற்கள். உங்கள் துறையை எடுத்து இரண்டு மாத இதழ்களைப் புரட்டுங்கள். ஓய்வும் ராஜினாமாவும் வரிசைகட்டி, நியமனம் அங்கொன்று இங்கொன்றாக இருந்தால் அந்தத் துறைக்கு மாற்று ஆள் எடுக்கவே அனுமதி இல்லாமல் இருக்கலாம். உங்கள் பதவி எண்ணுக்கு எதிரே நியமனங்கள் தெரிந்தால், தற்காலிகக் கட்டத்தில் 'யெஸ்' இருக்கிறதா 'நோ' இருக்கிறதா என்று கவனியுங்கள். 'யெஸ்' மட்டுமே என்றால் அந்தப் பதவிக்குத் தேர்வுப் பட்டியல் நடப்பில் இல்லாமல் இருக்கலாம். அடுத்த படி அதைப் பற்றியதுதான்.

படி 3: பதவியின் வகையைப் பிரித்துப் பாருங்கள்

அறிவிப்பில் குடிமைப் பணிப் பதவியின் பெயரும் வகையும் இருக்கும். அலுவலகத்தில் அழைக்கும் பெயர் 'திட்ட மேலாளர்' என்று கவர்ச்சியாக இருந்தாலும், சட்டப்படியான பதவி 'ஸ்டாஃப் அனலிஸ்ட்' போல வேறொன்றாக இருக்கும். உங்கள் தலையெழுத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது பெயர்தான்.

போட்டி வகை என்றால் தேர்வு எழுதிப் பட்டியலில் இடம்பெற வேண்டும். தகுதிகாண் காலம் முடிந்தால் நிரந்தரம். முறையான விசாரணை இல்லாமல் நீக்க முடியாது. போட்டியற்ற வகைக்குத் தேர்வு இல்லை. 'கம்யூனிட்டி அசோசியேட்', 'கம்யூனிட்டி கோஆர்டினேட்டர்', 'சிட்டி ரிசர்ச் சயின்டிஸ்ட்' ஆகியவை இதில் வரும். நுழைவது எளிது, ஆனால் பொதுவாக அதே விசாரணைப் பாதுகாப்பு கிடைக்க ஐந்தாண்டு தொடர்ந்த பணி வேண்டும்.

மூன்றாவது, தற்காலிக நியமனம். போட்டி வகைப் பதவிக்குப் பட்டியல் இல்லாதபோது தேர்வு எழுதாத ஒருவரை அமர்த்துவது. சட்டப்படி ஒன்பது மாதம்தான். நடைமுறையில் வருடக்கணக்கில் நீண்டிருக்கிறது. 2007-இல் லாங் பீச் நகரம் தொடர்பான வழக்கில் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: ஒன்பது மாதம் தாண்டினாலும் தற்காலிகப் பணியாளருக்குப் பணி உரிமை பிறக்காது. பட்டியல் வந்ததும் இடத்தை விட வேண்டும். ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியேறுவதும் இவர்களே. வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே போவதற்கு நல்ல வழிதான். ஆனால் சேர்ந்த நாளிலிருந்தே அந்தப் பதவியின் தேர்வு எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உடல் அல்லது மனநலம் சார்ந்த ஊனமுள்ளவர்களுக்கு '55-ஏ' என்ற வழி உண்டு. சான்று பெற்றவர்களைப் போட்டி வகைப் பதவிகளில் தேர்வின்றி அமர்த்தலாம். நகரம் முழுவதற்கும் 700 இடங்கள்.

படி 4: தடைக்காலத்திலேயே தேர்வை எழுதிவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நியமனம் நின்றாலும் தேர்வுகள் பொதுவாக நிற்பதில்லை. தேர்வை நடத்தும் துறையை எல்லோரும் 'டிகாஸ்' என்பார்கள். தேர்வு முடிந்து பட்டியல் வரவே மாதங்கள் ஆகும். தடை நீங்கும் நாளில் துறைகள் தேடுவது ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்களை. அன்றைக்குத் தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியவருக்கு அடுத்த சுற்றுதான்.

ஆண்டுத் தேர்வு அட்டவணையை டிகாஸ் ஜூலையை ஒட்டி வெளியிடும். மாதாமாதம் திருத்தம் வரும். விண்ணப்பம் இணையவழி, 'ஓ.ஏ.எஸ்.ஒய்.எஸ்.' என்ற அமைப்பில். கட்டணம் பதவியின் சம்பளத்தைப் பொறுத்து மாறும். வேலை இல்லாதவர், மெடிக்கெய்ட் என்ற ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு அல்லது பொது உதவி பெறுபவர், முன்னாள் படைவீரர் ஆகியோருக்கு விலக்கு கிடைக்கும், கேட்டால்தான் கிடைக்கும். கணினி இல்லாதவர்களுக்கு 'பரோ' எனப்படும் நகரின் ஐந்து பெரும் பகுதிகளிலும் தேர்வு மையங்கள் இருக்கின்றன. மன்ஹாட்டனில் 2 லாஃபயெட் தெரு, குயின்ஸில் ஃபாரஸ்ட் ஹில்ஸில் 118-35 குயின்ஸ் புளவார்ட்.

ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு அறிவிக்கை உண்டு. அதை முழுக்கப் படியுங்கள், அடிக்குறிப்பு உட்பட. தேர்ச்சிக்கு 70. முன்னாள் படைவீரருக்குப் பொதுத் தேர்வில் 5 மதிப்பெண், ஊனமுற்ற படைவீரருக்கு 10.

தேர்வு இரண்டு வகை. கொள்குறி வினாத்தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முடிந்ததும் உத்தேச விடைகளை மறுத்து எழுத வாய்ப்பு உண்டு, ஆதாரத்தோடு எழுதினால் விடை மாறுவதும் உண்டு.

பலர் கோட்டைவிடுவது இரண்டாவது வகையில். அது கல்வி-அனுபவத் தேர்வு. வினாத்தாளே கிடையாது. நீங்கள் நிரப்பும் படிவம்தான் தேர்வு. குறைந்தபட்சத் தகுதி இருந்தால் 70, அதற்கு மேல் உள்ள படிப்புக்கும் ஆண்டுகளுக்கும் அறிவிக்கையில் சொன்னபடி கூடுதல் மதிப்பெண். தற்குறிப்பை இணைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். கடைசித் தேதிக்குப் பிறகு நினைவுக்கு வந்த அனுபவத்தைச் சேர்க்கவும் முடியாது.

"மென்பொருள் நிறுவனத்தில் மூன்றாண்டு, பல திட்டங்களை நிர்வகித்தேன்" என்று எழுதினால் மதிப்பெண் போடுபவருக்கு அதில் பிடிக்க ஒன்றும் இல்லை. இப்படி எழுதுங்கள்: "2019 ஜூன் முதல் 2022 ஆகஸ்ட் வரை, வாரம் 40 மணி நேரம், நான்கு பேரை மேற்பார்வையிட்டேன், வேலை நேரத்தில் 60 சதவீதம் செலவுக் கணக்கு ஆய்வு, 40 சதவீதம் ஒப்பந்தப் பரிசீலனை." அறிவிக்கை எந்தச் சொல்லில் அனுபவத்தைக் கேட்கிறதோ அந்தப் பணியை அதே பெயரில் குறிப்பிடுங்கள், செய்திருந்தால் மட்டும். வாரம் 20 மணி நேர வேலையைப் பாதியாகத்தான் எண்ணுவார்கள். ஒரே நிறுவனத்தில் பதவி உயர்ந்திருந்தால் ஒவ்வொரு பதவியையும் தனித்தனியாகப் பதியுங்கள். ஒன்றாகச் சேர்த்தால் மேற்பார்வை அனுபவம் எத்தனை மாதம் என்று தெரியாமல் அது மொத்தமாக விழுந்துவிடும்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பட்டம் வாங்கியவர்கள் இங்கே கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தை டிகாஸ் ஏற்றுள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று மதிப்பிட்டு, நேராக டிகாஸுக்கு அனுப்ப வேண்டும். அதற்கான கெடு அறிவிக்கையில் இருக்கும். பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல் முத்திரையிட்ட உறையில் வந்து சேருவதற்கே வாரங்கள் ஓடிவிடும். ஆகவே தேர்வு அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மதிப்பீட்டை முன்கூட்டியே தொடங்குங்கள். பாடவாரி மதிப்பீடு வேண்டுமா, பொது மதிப்பீடு போதுமா என்பதையும் அறிவிக்கை சொல்லும். குறிப்பிட்ட பாடங்களில் இத்தனை மதிப்பலகு என்று கேட்கும் பதவிக்குப் பொது மதிப்பீடு அனுப்பினால் தகுதியில்லை என்றுதான் பதில் வரும். மதிப்பெண் குறைவு என்று தோன்றினால் முறையீடு செய்யலாம். படிவத்தில் இருந்ததைத்தான் மறுபடி பார்ப்பார்கள்.

படி 5: பட்டியல் எண் வந்த பிறகு

பட்டியலின் ஆயுள் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் நான்கு. தடைக்காலத்திலும் அந்தக் கடிகாரம் ஓடும். நிதி நெருக்கடியால் நியமனம் நின்றிருந்த காலத்துக்கு ஈடாகப் பட்டியலை நீட்டிக்க மாநிலக் குடிமைப் பணிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது அதிகாரிகளின் விருப்புரிமை, அதை நம்பி அடுத்த தேர்வைத் தவறவிடாதீர்கள்.

நியமனம் 'மூவரில் ஒருவர்' விதிப்படி. ஒவ்வொரு காலியிடத்துக்கும் வேலையை ஏற்கத் தயாராக உள்ள முதல் மூவரில் யாரை வேண்டுமானாலும் துறை எடுக்கலாம். முதல் எண் கிடைத்தவரும் விடுபடலாம். ஒரே துறை மூன்று முறை பரிசீலித்து எடுக்காவிட்டால், அந்தத் துறை உங்களை அடுத்த முறை பரிசீலிக்காமலே தாண்டிப்போகலாம். மற்ற துறைகளுக்கு உங்கள் பெயர் அப்படியே இருக்கும்.

உங்கள் எண்ணை எட்டிவிட்டார்களா என்று யூகிக்கத் தேவையில்லை. நகரின் திறந்த தரவுத் தளத்தில் நடப்புப் பட்டியல்கள் கிடைக்கும். எந்தப் பட்டியலிலிருந்து எத்தனையாம் எண் வரை எந்தத் துறைக்கு அனுப்பினார்கள் என்ற தரவும் அங்கேயே உண்டு. உதாரணத்துக்கு, உங்கள் எண் 640. ஓராண்டில் 300-லிருந்து 410 வரை நகர்ந்திருக்கிறது என்றால் இந்த வேகத்தில் இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல். பட்டியலுக்கு ஒரு வருடம்தான் மிச்சம் என்றால் அதே தகுதிக்குப் பொருந்தும் இன்னொரு பதவியின் தேர்வையும் எழுதுங்கள். இரண்டு மூன்று பட்டியல்களில் ஒரே நேரத்தில் இருப்பதுதான் நெருக்கடிக் காலத்தில் புத்திசாலித்தனம்.

அழைப்பு வரும்போது போகாமல் இருந்தால் பெயர் நீங்கும். திரும்பச் சேர்க்கக் கேட்டு எழுதலாம், ஆனால் அதற்குள் அந்தச் சுற்று முடிந்திருக்கும். வீடு மாறினால் முகவரியை அன்றைக்கே திருத்துங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதத்தால் வேலையை இழந்தவர்கள், தேர்வில் தோற்றவர்களைவிட வருத்தத்துக்குரியவர்கள்.

ஆட்குறைப்பு நடந்த பதவியாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 1975 ஜூன் 30-இல் நகரம் சுமார் 5,000 காவலர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அப்படி வெளியேற்றப்படும் நிரந்தரப் பணியாளர்கள் 'முன்னுரிமைப் பட்டியலில்' சேர்வார்கள். அது தீரும்வரை உங்கள் பட்டியலைத் தொட மாட்டார்கள். அதற்கு அடுத்து, உள்ளே இருப்பவர்களின் பதவி உயர்வுப் பட்டியல். வெளியாட்களின் பட்டியல் மூன்றாவதுதான்.

படி 6: அறிவிப்பில் மறைந்திருக்கும் ஒரு வரி

"இந்தப் பதவியில் நிரந்தரமாக இருப்பவர்கள், அல்லது இந்த எண்ணுள்ள தேர்வுப் பட்டியலில் எட்டக்கூடியவர்கள் மட்டும்." இந்த வரி பெரும்பாலும் கூடுதல் தகவல் என்ற கடைசிப் பகுதியில், பொடி எழுத்துப் பத்திகளுக்கு நடுவே இருக்கும். மேலே உள்ள பணி விவரத்தைப் படித்து உருகி, இரண்டு மணி நேரம் கடிதம் எழுதிய பிறகு இதைக் காண்பவர்கள் ஏராளம். அறிவிப்பைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். இந்த வரி, பிறகு கடைசித் தேதி, குடியிருப்பு நிபந்தனை, குறைந்தபட்சத் தகுதி, அதன் பிறகு பணி விவரம்.

தற்குறிப்பில் குறைந்தபட்சத் தகுதியை முதல் பக்கத்திலேயே, மாதமும் ஆண்டுமாகக் காட்டுங்கள். முதலில் பார்க்கும் மனிதவளப் பணியாளர் உங்கள் திறமையை எடைபோடுவதில்லை. தகுதி வரியோடு ஒப்பிட்டு ஆம், இல்லை என்று குறிப்பார், அவ்வளவுதான்.

நேர்காணலில் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேட்கலாம்: "இந்த இடத்துக்கு ஓ.எம்.பி. ஒப்புதல் வந்துவிட்டதா, இனிமேல்தான் அனுப்ப வேண்டுமா?" இது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. கேட்பவருக்கு நடைமுறை தெரியும் என்றுதான் நினைப்பார்கள்.

படி 7: வாய்ச்சொல்லிலிருந்து பணியில் சேரும் தேதி வரை

துறை உங்களைத் தேர்ந்தெடுத்ததும் 'பி.ஏ.ஆர்.' என்ற கோரிக்கை ஓ.எம்.பி.க்குப் போகும். யார் விட்டுப்போன இடம், எந்தக் கணக்கில் சம்பளம், எவ்வளவு என்ற விவரங்களோடு. பையில் பணம் இருந்தாலும் இங்கே கோப்பு தூங்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வரியில், "பி.ஏ.ஆர். நிலை என்ன?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். அதற்கு மேல் துரத்துவதால் பயன் இல்லை. உங்களைத் தேர்ந்தெடுத்தவர் கையிலும் அது இல்லை.

சம்பளப் பேச்சு ஒப்புதலுக்குப் போகும் முன்பே முடிய வேண்டும். போன பிறகு தொகையை மாற்றினால் கோப்பு திரும்ப வரிசையின் கடைசிக்குப் போகும். சங்க ஒப்பந்தப் பதவிகள் பலவற்றில் புதியவருக்கான தொடக்கச் சம்பளம், ஏற்கெனவே பணியில் இருப்பவர் சம்பளத்தைவிடக் குறைவு, டி.சி. 37 சங்கத்தின் பதவிகளில் இரண்டாண்டு முடிந்தால் அந்த வித்தியாசம் நீங்கும். இறுக்கமான காலத்தில் தொடக்கத் தொகைதான் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதே பதவியில் அதே துறையில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்பது திறந்த தரவுத் தளத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. பழைய சம்பளம் எவ்வளவு என்று உங்களிடம் கேட்க 2017 அக்டோபர் 31 முதல் சட்டம் அனுமதிப்பதில்லை.

நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம் வீடு வைத்திருக்கும் தமிழர்கள் பலர் மாட்டிக்கொள்வது குடியிருப்பு விதியில். விதிவிலக்குள்ள சில பதவிகளைத் தவிர, சேர்ந்த 90 நாளுக்குள் ஐந்து பரோக்களில் ஒன்றில் குடியேற வேண்டும். இரண்டாண்டு பணி முடிந்தால் நாசாவ், சஃபோக், வெஸ்ட்செஸ்டர், ராக்லாண்ட், ஆரஞ்ச், புட்னம் மாவட்டங்களுக்குப் போகலாம். அந்தப் பட்டியலில் நியூ ஜெர்சி இல்லை. வாடகை ஒப்பந்தம் மட்டும் காட்டி ஒப்பேற்றப் பார்த்தால் வேலையே போகும்.

பின்புலப் படிவத்தில் எழுதும் தேதிகள் தேர்வுப் படிவத்தோடும் தற்குறிப்போடும் ஒத்துப்போக வேண்டும். ஒரு மாத வித்தியாசம்கூட விளக்கக் கடிதம், மறுபடி காத்திருப்பு என்று இழுக்கும். அனுப்பும் ஒவ்வொரு படிவத்தையும் நகல் எடுத்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

இப்போதிருக்கும் வேலையை விடுவது பற்றி: நிபந்தனையோடு வரும் வேலைக் கடிதத்தை நம்பி விடாதீர்கள். எல்லா ஒப்புதலும் முடிந்து, சேரும் தேதியும் சம்பளமும் பதவியின் பெயரும் எழுதிய இறுதிக் கடிதம் கைக்கு வரட்டும். அதில் பதவி நிரந்தரமா தற்காலிகமா என்பதையும் பாருங்கள். பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவரைத் தற்காலிகம் என்று பதிந்திருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே திருத்தச் சொல்லுங்கள். ஆட்குறைப்பின்போது மூப்பு எண்ணப்படுவது முதல் நிரந்தர நியமனத் தேதியிலிருந்து.